உக்காந்திருக்கியா, படுத்திருக்கியா?

போன் போட்டால் டாக்டர் மாதேஸ்வரி ‘ஹலோ’ சொல்வதில்லை. “உக்காந்திருக்கியா, படுத்திருக்கியா?” என்றுதான் ஆரம்பிப்பார். உட்கார்ந்திருப்பதாக மறுமுனையில் பதில் வந்தால் அடுத்த கேள்வி, “தல?” ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு சரி, வைத்துவிடுவார். குழந்தை யார் ஜாடை, பெயர் வைத்தாயிற்றா, ஒரு விசாரிப்பும் கிடையாது. ஒருமுறை பழக்க தோஷத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும் இதையே கேட்டுவிட்டாராம். அந்த மனிதர் மிரண்டுபோய், “வண்டி ஓட்டினு இருக்கறன் மேடம்” என்றிருக்கிறார்.

ஓசூரில் அவர் மயக்க டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு, சிப்காட் பக்கம் என்று எங்கே அறுவை சிகிச்சையோ பிரசவமோ, அங்கே ஸ்கூட்டரில் போய் இறங்குவார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு பக்கமாக நசுங்கிய கொண்டை. கையில் யானைப் படம் போட்ட டிபன் பை. மகள் ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோனது. மகள் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பை மட்டும் அம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அதற்குள் சோறு இருக்காது, ஊசி இருக்கும்.

முதுகில் போடுகிற ஊசியில் தடி, மெல்லிசு என்று உண்டு. தடி ஊசி சட்டென்று இறங்கிவிடும், போடுகிறவருக்கு வேலை சுலபம். மெல்லிய ஊசி வளையும், அடம்பிடிக்கும், பொறுமையைச் சோதிக்கும். சின்ன ஆஸ்பத்திரிகளில் மெல்லிசு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இவர் கையோடு கொண்டுபோய்விடுகிறார். அந்த ஊசியின் நுனி கத்தி மாதிரி இருக்காது, சீவிய பென்சில் மாதிரி இருக்கும். “வெட்டிக்கினு போவக் கூடாது கண்ணு, வெலக்கிக்கினு போவணும்” என்பார். மத்தூர்க்காரர் அல்லவா, எத்தனை பெரிய படிப்பைப் படித்தும் அந்தப் பேச்சு வாயை விட்டுப் போகவில்லை.

இத்தனையும் எதற்கென்றால், ஒரு தலைவலிக்காக. நமக்கெல்லாம் வருகிற தலைவலி அல்ல. அதை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். “மூள தண்ணியில மெதக்குது. அந்தத் தண்ணி முதுகு வரைக்கும் ஒரே பையில இருக்குது. பையில ஓட்ட விழுந்தா தண்ணி கசியும். படுத்திருந்தா ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சு உக்காந்தா மூள கீழ எறங்கும், மேல இருக்கற நரம்பெல்லாம் இழுக்கும். அப்ப ஒரு வலி வரும் பாரு, பெத்த வலி எதுக்கு ஆவும்?” மெல்லிய ஊசி போடுகிற ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். தடி ஊசியின் ஓட்டை நாள்கணக்கில் கசியும். பிள்ளை பெற்றவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. பார்ப்பவர்களுக்கோ, படுத்தால் சரியாகிவிடுகிற தலைவலி என்றால் அது வேலைக்குப் பயந்து போடுகிற நாடகம்.

நோயாளிகளுக்கு இவர் பெயர் தெரியாது. ‘முதுகுல ஊசி போட்ட அம்மா’, அவ்வளவுதான். பிரசவம் பார்த்த டாக்டருக்குப் பழக்கூடை, ஸ்வீட் பாக்ஸ், பெரிய ரோஜாக் கொத்து எல்லாம் வரும். இவருக்கு ஒருமுறை ஒரு கட்டு கொத்தமல்லித்தழை வந்ததாம், அதுவும் வேறொருவருக்குக் கொண்டுவந்ததில் மிச்சம். அதைப் பற்றி இவருக்கு ஒரு குறையும் இல்லை. “தல வலிக்கலன்னா என்ன ஏன் ஞாபகம் வெச்சிக்கப் போறாங்க? மறந்துட்டாங்கன்னா நல்லா இருக்கறாங்கன்னு அர்த்தம்” என்று சிரிப்பார். சிரிக்கும்போது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும்.

என் தங்கை சத்யப்ரியாவின் பிரசவத்துக்காகப் பாகலூர் ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ஒரு வாரம் குடியிருந்தேன். அந்த வார்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதைப் பிடித்துக்கொண்டு, யார் முறைத்தாலும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாதேஸ்வரி வரும்போது மட்டும் மரியாதைக்கு எழுந்து, “உக்காருங்க டாக்டர்” என்பேன். “நீ உக்காரு” என்று கையைக் காட்டிவிட்டு நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். நர்ஸ் ரூபா பல வருஷமாக அவரோடு வேலை செய்கிறவர். “வார்டுல அம்மா உக்காந்து நான் பாத்ததே இல்லீங்க” என்றார். நானும் பார்க்கவில்லை, கடைசி நாள் வரை.

இப்போது அவரிடம் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருக்கிறது. முதுகில் ஊசி போடுவதற்கு முன், “எந்தக் கம்பெனி? அங்க சங்கு அடிச்சா நீ என்னா பண்ணுவ?” என்று கேட்கிறார். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த செக்யூரிட்டி ஒருவர், “கேட்டத் தொறப்பங்க” என்றாராம். இந்தக் கேள்விக்குக் காரணம் பக்கத்துக் கட்டில் வீரலட்சுமி.

வீரலட்சுமிக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவன் ராஜேஷ்குமாருக்கும் அதே ஊர்தான். இருவரும் ஓசூருக்கு வந்து, ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு கம்பெனிக்குப் போகிறார்கள். அவள் செல்போன் பாகங்களைக் கோர்க்கிற லைனில் வேலை. தலைப்பிரசவம். அம்மா வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலாகும், அதுவரை எல்லாம் அவளேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுடைய பெஞ்சிலேயே வேலை பார்த்த ஒருத்திக்கு வேறெங்கோ முதுகில் ஊசி போட்டு இந்தத் தலைவலி வந்து, பிள்ளையைத் தூக்கக்கூட முடியாமல் ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லையாம். அதனால் வலியெடுத்து வந்து சேர்ந்தபோதே, “எனக்கு முதுகுல ஊசி மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். ஆனால் வலி ஒரு ராத்திரி முழுக்க அவளை உலுக்கி எடுத்ததில், அவளாகவே மாதேஸ்வரியைக் கூப்பிடச் சொன்னாள்.

வலியில்லாப் பிரசவத்துக்கு மருந்து விட்டுவிட்டு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முதுகில் நூல் மாதிரி ஒரு குழாயை வைப்பார்கள். குழாய் நுழைய வேண்டுமென்றால் ஊசி தடியாகத்தான் இருந்தாக வேண்டும், அங்கே பென்சில் நுனிக்கு வேலையில்லை. அந்த ஊசி தண்ணீர்ப் பைக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட வேண்டும். வீரலட்சுமி தலையணையைக் கட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சில் புதைத்து, முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைத்த அமைதியில் மாதேஸ்வரி ஊசியை நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் ஷிப்டு மாறுகிற சங்கு அடித்தது.

வீரலட்சுமியின் லைனில் ஒரு சட்டம். சங்கு அடித்தால், கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு முதுகை நிமிர்த்த வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரி நாற்காலிக்குக் காத்திருப்பாள். நாலு வருஷமாக நிமிர்ந்த முதுகு, ஆஸ்பத்திரி என்று பார்க்குமா? சங்கு கேட்டதும் தானாக நிமிர்ந்துவிட்டது. ஊசியின் பின்பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. “அம்மா கத்தலீங்க. ஆச்சு அப்படின்னு ஒரு வார்த்த சொன்னாங்க, அவ்ளோதான். ஆனா காது செவந்துருச்சு” என்றார் ரூபா.

பதறிக்கொண்டு நிற்க நேரமில்லை. அந்த ஓட்டை வழியாகவே குழாயை உள்ளே விட்டு, கொஞ்சமாக மருந்து கொடுத்து வலியை அடக்கினார் மாதேஸ்வரி. சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகும் குழாயை எடுக்கவில்லை. ஒரு நாள் அங்கேயே இருந்தால் அது ஓட்டைக்கு அடைப்பாக நிற்கும், சுற்றியுள்ள சதை கொஞ்சம் இறுகும், சிலருக்குத் தலைவலி வராமலே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. யாராவது தெரியாமல் அதில் வேறு மருந்தை ஏற்றிவிட்டால் ஆபத்து. ஆகவே குழாய் முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டி, ‘தொடாதே’ என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் தன் கையாலேயே எழுதி வைத்தார். ஓசூர் வார்டில் ஒரு பாஷையில் எழுதினால் பத்தாது.

ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் குருமூர்த்தி, வார்டு வாசலில் அவரை மடக்கினார். “மேடம், ஓட்ட கீட்டன்னு சொல்லி வெக்காதீங்க. ஊசி போட்ட எடம் ரெண்டு நாள் வலிக்கும்னு சொல்லுங்க, போதும். வெளிய பேச்சு போனா யாரும் இந்த ஊசிக்கே ஒத்துக்க மாட்டாங்க.”

“சரிங்க டாக்டர்” என்று தலையை ஆட்டினார் மாதேஸ்வரி. நேராகக் கட்டிலுக்கு வந்தார்.

“கண்ணு, உன் முதுகுல நான் ஓட்ட போட்டுட்டன். சங்கு அடிக்கற நேரம் அது. நான் நிறுத்தி வெச்சிருக்கணும், நிறுத்தல. உன் மேல தப்பில்ல. தல வலிக்கலாம். வராதுன்னு சொல்ல மாட்டன். வந்தா நான் வருவன்.”

வாசலில் நின்ற குருமூர்த்தி நெற்றியைத் தடவிக்கொண்டார். டாக்டர் ஒருவர் ‘நான் செய்தது’ என்று சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. வீரலட்சுமி பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். “வலி வந்தா பிள்ளைய மடியில வச்சுக்கிட முடியாதுல்லா, டாக்டரம்மா?” என்றாள். மாதேஸ்வரி குழந்தையின் துணியைச் சரிசெய்தார்.

குழாயை எடுத்த மறுநாள் காலை வலி வந்தது. பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்த வீரலட்சுமி, “யம்மா, மண்டையப் பிளக்கே!” என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள். நல்லவேளை, குழந்தையை நான் பிடித்துக்கொண்டேன். படுத்ததும் வலி போய்விட்டது. உட்கார்ந்தால் மறுபடியும் வந்தது. ரூபா போன் செய்தார். சொன்ன சொல் தவறாமல், தலையில் ஹெல்மெட்டோடு வார்டுக்குள் வந்து நின்றார் மாதேஸ்வரி. படுத்தே பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். வலி மாத்திரை, நிறையத் தண்ணீர், நல்ல ஸ்ட்ராங் காபி. “காபி ஓட்டைய அடைக்காது. ஆனா வலியக் கொஞ்சம் தணிக்கும். ஒரு நாள் பாப்பம்” என்றார்.

வீரலட்சுமிக்குத் துணையாக வந்திருந்தவர் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நாகம்மா. தெலுங்கு பேசுகிறவர். வாடகைக்கு இருக்கிற பெண்ணுக்காகத் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்த தங்கமான மனுஷி. ஆனால் பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. “நீள்ளு வத்தம்மா! பச்ச ஒடம்பு, தண்ணி ஆகாது” என்று டம்ளரைப் பிடுங்கிவிடுவார். காபி என்றால் கேட்கவே வேண்டாம், சூடு. டாக்டர் சொன்னதற்கு எல்லாம் தலையாட்டினார். கேன்டீனிலிருந்து காபி வேளாவேளைக்கு வந்தது, டம்ளர் வேளாவேளைக்குக் காலியானது.

அடுத்த நாள் வலி குறையவே இல்லை. மாதேஸ்வரி வீரலட்சுமியின் உதட்டைப் பார்த்தார், காய்ந்து வெடித்திருந்தது. நாகம்மாவின் கண்ணைப் பார்த்தார். அது பளபளவென்று விழித்திருந்தது.

“நீங்க தூங்கி எத்தினி நாளாச்சுங்க நாகம்மா?”

“என்னவோ தெரில டாக்டரம்மா. நித்திரையே வரல. நெஞ்சு வேற தடதடங்குது.”

“தலவலி அவளுக்கு, காபி உங்களுக்கா?”

வார்டு முழுக்கச் சிரித்தது. வீரலட்சுமிகூடப் படுத்தபடியே சிரித்தாள். நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “கீழ ஊத்தறதுக்கு மனசு வரல” என்றார். அன்று முழுக்க மாதேஸ்வரி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் போட்டு, வீரலட்சுமி தண்ணீர் குடிப்பதைக் காதால் கேட்டார். மடக் மடக்கென்று சத்தம் வந்த பிறகுதான் வைப்பார். தண்ணீரும் காபியும் போன பிறகு முகத்தில் தெம்பு வந்தது. தலைவலி மட்டும் போகவில்லை. சாயங்காலம் எழுப்பி உட்கார வைத்தபோது, முகம் வெளுத்து வாந்தி எடுத்தாள். படுக்கையில் கிடந்தபடியே, “நானும் எங்க பெஞ்சுல இருந்தவ மாதிரித்தான் ஊருக்குப் போவேன் போல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை மாதேஸ்வரி வேறொரு வழி சொன்னார். கையிலிருந்து அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, முதுகில் அந்த ஓட்டைக்கு வெளியே விடுவது. ரத்தம் அங்கே உறைந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். ராஜேஷ்குமார் ஷிப்டிலிருந்து யூனிஃபார்மோடு வந்திருந்தான். பெட்ரோல் டேங்க் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை, டேங்கைத் தண்ணீரில் முக்கிக் காற்றை அடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பது. மற்ற கணவன்மார் எல்லாரும் இந்த இடத்தில் பயந்து விழிப்பார்கள். இவனோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

“ஓட்டை எங்கிட்டு இருக்குன்னு கரெக்டா தெரியுமா மேடம்?”

“நான் போட்ட ஓட்டதான? தெரியும்.”

“எவ்வளவு பிரஷர்?”

“அவ முதுகு சொல்லும். பாரமா இருக்குதுன்னு சொன்னதும் நிறுத்திக்குவன்.”

“அடைச்சப்புறம் எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?”

“உக்கார வெச்சு.”

ராஜேஷ்குமார் திருப்தியாகத் தலையை ஆட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவள், அல்ல, புரிந்தும் ஒத்துக்கொள்ள முடியாதவள் வீரலட்சுமிதான். “அதே ஊசியா? அதே முதுகா?” என்றாள். “இன்னொரு ஓட்ட விழுந்துட்டா?”

“விழாதுன்னு சொல்ல மாட்டன்” என்றார் மாதேஸ்வரி. எனக்கு அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. இந்த நேரத்திலாவது ஒரு பொய் சொன்னால் என்ன? “ரொம்பப் பேருக்கு ஒடனே சரியாப் போவும். சில பேருக்கு இன்னொரு வாட்டி பண்ணணும். பண்ணலன்னாலும் நாளாக ஆகத் தானா போவும், ஆனா எப்பன்னு எனக்குத் தெரியாது. நீ வேணான்னா வேணாம். வேற டாக்டரு வேணும்னா பெங்களூர்ல இருந்து நானே வரச் சொல்றன்.”

பிள்ளை சிணுங்கியது. அதைத் தொட்டுக்கொண்டே வீரலட்சுமி சொன்னாள்: “நீங்கதான் ஓட்டை போட்டேன்னு நீங்களே சொன்னீங்க. வேற யாரா இருந்தாலும் பழிய எம்மேல போட்டுட்டுப் போயிருப்பாக. வேற டாக்டர் எதுக்கு? நீங்களே அடைங்க.”

அந்த ஒரு புருவம் அப்போது மேலே ஏறவில்லை. மாதேஸ்வரி திரும்பிக்கொண்டு, டிபன் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அந்த ஜிப்பில் ஒரு கோளாறும் இல்லை.

உள்ளே நடந்ததை ரூபா சொன்னார். வீரலட்சுமியை இந்த முறை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதுகைத் துடைத்து, கையுறை போட்டு, எல்லாம் தயாரான பிறகும் மாதேஸ்வரி ஊசியை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு சும்மா நின்றார். “என்னம்மா?” என்று ரூபா கேட்டதற்கு, “இரு” என்றார். குருமூர்த்தி எட்டிப் பார்த்து, “என்ன மேடம், ஆரம்பிக்கலையா?” என்றார். அதற்கும் “இருங்க டாக்டர்” என்றார். எல்லாரும் நின்றார்கள்.

சங்கு அடித்தது. வீரலட்சுமியின் கால் விரல்கள் விறைத்து, தோள் ஒருமுறை துள்ளியது. ரூபா தோளில் கை வைத்து அழுத்தினார். சங்கு நீளமாக ஊதி, இழுத்து, ஓய்ந்தது. “அவங்க ஷிப்டு முடிஞ்சுது. இப்ப நம்ம ஷிப்டு” என்று மாதேஸ்வரி ஊசியைக் கையில் எடுத்தார். இம்மியும் அசையாத முதுகில் ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வீரலட்சுமியின் கையிலிருந்து ரூபா ரத்தம் எடுத்துக் கொடுக்க, அதை மெதுவாக, வெகு மெதுவாக உள்ளே விட்டார். “இடுப்புல கல்ல வச்ச மாதிரி இருக்கு” என்று வீரலட்சுமி சொன்னதும் நிறுத்திவிட்டார்.

வார்டுக்குக் கொண்டுவந்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. மாதேஸ்வரி வேறு எங்கும் போகவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தபோது, “இன்னிக்கி வேற ஆள வெச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். ராஜேஷ்குமார் குமிழிக்குக் காத்திருப்பவன் போலக் கண்ணை எடுக்காமல் மனைவியின் முகத்தையே பார்த்தான். நாகம்மா தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், இந்த முறை கொடுப்பதற்கு. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து அதை வீரலட்சுமியின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உட்கார முடியவில்லை.

“எந்திரி கண்ணு. மெதுவா” என்றார் மாதேஸ்வரி.

ரூபா முதுகைத் தாங்கினார். வீரலட்சுமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே எழுந்தாள். உட்கார்ந்தாள். மூடிய கண்ணைத் திறக்கவில்லை. வலி வரட்டும் என்று காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு இன்னொன்றை. தலையை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள்.

“எங்க போச்சு?” என்றாள்.

அந்த வார்டு போட்ட சத்தத்தை எந்தக் கம்பெனிச் சங்கும் போட்டிருக்காது. ஆறு கட்டிலிலும் கைதட்டல். என் தங்கை தையல் வலியை மறந்து விசிலடித்தாள்; அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ராஜேஷ்குமார், “லீக் ஓகே! லீக் ஓகே!” என்று கத்திவிட்டு வெட்கப்பட்டு வெளியே ஓடினான். நாகம்மா வீரலட்சுமியை விட்டுவிட்டு டாக்டருக்குத் திருஷ்டி கழித்தார், பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தபோது, வீரலட்சுமி நிமிர்ந்து, நிமிர்ந்தே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

குருமூர்த்தி அன்று மாலையே, “எங்க ஆஸ்பத்திரியில எதையும் மறைக்கற பழக்கமே கெடையாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல்லட்டும், இனி அதையே பழக்கமாக்கிக்கொண்டால் சரி. சேதி கம்பெனி பஸ்களில் ஏறிவிட்டது. அவர் பயந்த மாதிரி ஊசிக்கு ஆள் குறையவில்லை. கர்ப்பிணிப் பெண்கள் வந்து, “ஓட்ட போட்டா சொல்லிடற டாக்டர் இருக்காங்களாமே, அவங்கதான் வேணும்” என்று கேட்கிறார்களாம். பெயர் இன்னும் யாருக்கும் தெரியாது.

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று இரண்டு நாள் காவல் வைத்திருந்தார் மாதேஸ்வரி. வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில், “இன்னியோட காவல் முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டே வார்டுக்கு வந்தார். வீரலட்சுமி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தல?” என்றார்.

“இருக்கு டாக்டரம்மா, கழுத்துக்கு மேல” என்றாள்.

புருவம் ஏறியது. நான் தங்கையின் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து, வழக்கம்போல, “உக்காருங்க டாக்டர்” என்றேன். “நீ உக்காரு” என்று கையைக் காட்டப் போனார்.

அதற்குள் வீரலட்சுமி பிள்ளையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். நான் அன்று தள்ளிவிட்டதிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடந்த ஸ்டூலை இன்னொரு கையால் இழுத்து, டாக்டருக்கு முன்னால் போட்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

மாதேஸ்வரி டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.